யாரை நம்பி நிறுவுவது?

2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று தேனி மாவட்டத்து ஊர்களுக்கும் அந்தக் கணினிகள் வந்து சேர்ந்தன. திராட்சைத் தோட்டக்காரர் வீட்டிலும், விடியுமுன் ஜீப் ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர் வீட்டிலும் பல இடங்களில் அதுதான் குடும்பத்தின் முதல் கணினி. பவர் பட்டனை அழுத்தினால் திரையில் இரண்டு பெயர்கள் வரும். ஒன்று விண்டோஸ். மற்றொன்று பாஸ் லினக்ஸ்.

பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம்தான் பாஸ். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007இல் வெளியிட்ட இயங்குதளம் அது. அதற்கு அடித்தளம் டெபியன். 1993 ஆகஸ்ட் 16 அன்று இயான் முர்டாக் அறிவித்து, இன்றுவரை உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் நடத்திவரும் திட்டம். டெபியனிடமிருந்து பாஸுக்கு வந்த சொத்துகளில் பெரியது அதன் களஞ்சிய முறை. மென்பொருளைப் பொதிகளாகக் கட்டி, ஓரிடத்தில் அடுக்கி, கையொப்பமிட்டு வைப்பது. வேண்டியவர் ஓரிரு கட்டளைகளில் எடுத்துக்கொள்வது. அந்தரங்கம் காக்கும் மென்பொருளை மேசைக் கணினியில் நிறுவ நினைப்பவருக்கு இதைவிட நல்ல வழி இதுவரை அமையவில்லை என்பது என் உறுதியான எண்ணம். காரணங்களை விளக்குவதே இந்த அத்தியாயத்தின் வேலை.

தேனி மாவட்டத்துக்கு எதற்கு இது?

போடிநாயக்கனூரில் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையம் இருக்கிறது. மலையில் விளையும் ஏலக்காய் அங்கே கணினித் திரை வழியாக விலைபோகிறது. நாளைய ஏலத்தில் எந்த விலைவரை போகலாம் என்று ஒரு வியாபாரி முந்தின இரவு தன் கணினியில் குறித்துவைக்கிறார் என்றால், அந்த ஒரு எண் போட்டியாளரின் கைக்குக் கிடைப்பது நேரடி நஷ்டம். ஜெராக்ஸ் கடைக் கணினியில் ஊர்க்காரர்களின் ஆதார் நகல்களும் வங்கிப் புத்தகப் பக்கங்களும் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. ஊராட்சிக் கணக்கில் தவறு கண்ட இளைஞருக்கு, தன் பெயர் வெளிவராமல் அதைப் பத்திரிகைக்கு அனுப்ப வேண்டும். வீட்டுக்குள் அடி வாங்கும் பெண்ணுக்கு, கணவர் பார்க்காத வகையில் உதவி தேட வேண்டும். 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அந்த உரிமை இவர்கள் எல்லோருக்கும் உரியது.

இவர்களுக்கான கருவிகள் இருக்கின்றன, காசும் கேட்பதில்லை. கோப்புகளையும் மின்னஞ்சலையும் பூட்டுவதற்கு ஜி.என்.யூ.பி.ஜி. கடவுச்சொற்களை ஒரே பூட்டிய கோப்பில் வைத்துக்கொள்ள கீபாஸ்எக்ஸ்சி. உரையாடலை இரு முனைகளைத் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யும் சிக்னல். இணையத்தில் நாம் எங்கே போகிறோம் என்பதை மறைக்கும் டார்.

டார் எப்படி வேலை செய்கிறது என்பதை இங்கேயே பார்த்துவிடுவோம். நம் கணினியிலிருந்து புறப்படும் தகவல் 3 இடைநிலைக் கணினிகளைத் தாண்டிப் போகிறது. முதலாவதற்கு நாம் யார் என்று தெரியும், எங்கே போகிறோம் என்று தெரியாது. மூன்றாவதற்குப் போகுமிடம் தெரியும், அனுப்பியவர் யாரென்று தெரியாது. நடுவில் இருப்பதற்கு இரண்டுமே தெரியாது. நம் தகவலைத் தன் சர்வர் வழியாக அனுப்பும் வி.பி.என். சேவையில் இந்த இரண்டு விவரமும் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கும். 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு, வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நம்பிக்கையை ஒரே கையில் கொடுக்காமல் மூன்று கைகளில் பிரித்துக் கொடுப்பதன் அருமை இதனால் விளங்கும்.

போலி எங்கிருந்து வருகிறது?

கருவி நல்லது என்பதால் மட்டும் நம் கைக்கு வந்து சேர்ந்த கோப்பும் நல்லதாகிவிடாது. 2022 அக்டோபரில் காஸ்பர்ஸ்கி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரு போலி டார் உலாவியைப் பற்றி அறிவித்தார்கள். சீன மொழி யூடியூப் சேனல் ஒன்றில் இருந்த காணொளியின் கீழே அதற்கான இணைப்பு கொடுக்கப்பட்டிருந்தது. டாரின் அதிகாரப்பூர்வ தளம் சீனாவில் தடை செய்யப்பட்டிருப்பதால் மக்கள் கிடைத்த இடத்தில் எடுத்துக்கொண்டார்கள். தோற்றத்தில் அசலுக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. உள்ளே வைத்திருந்த உளவு நிரல், பயனர் பார்த்த தளங்களின் பட்டியலையும், சமூக ஊடகக் கணக்கு விவரங்களையும் சேகரித்தது. தன்னை மறைத்துக்கொள்ள வந்தவரைக் குறிவைத்தே அது செய்யப்பட்டிருந்தது.

அடுத்த ஆண்டு அக்டோபரில் கீபாஸ் என்ற கடவுச்சொல் பெட்டகத்துக்குக் கூகுள் தேடலில் ஒரு போலி விளம்பரம் வந்தது. அதைச் சொடுக்கினால் திறக்கும் தளத்தின் முகவரியில், ஆங்கிலக் கே எழுத்துக்குப் பதிலாக, அடியில் சிறு குறி கொண்ட லாட்விய மொழி எழுத்து இருந்தது. கண்ணுக்கு அது திரையில் ஒட்டிய தூசி போலத்தான் தெரியும். அங்கிருந்து இறக்கியவரின் கணினிக்குள் தீநிரல் நுழைந்தது.

இரண்டு நிகழ்வுக்கும் பொதுவான காரணம் ஒன்றே. தேடு, முதலில் வருவதைச் சொடுக்கு, இறக்கு, நிறுவு என்ற பழக்கம். கணினி சர்வீஸ் கடையில் பென்டிரைவில் வைத்திருக்கும் கிராக் மென்பொருளும் இதே பழக்கத்தின் இன்னொரு வடிவம். அந்தக் கோப்பு யார் கையிலிருந்து புறப்பட்டது, வழியில் யார் தொட்டார்கள் என்று கேட்க அங்கே வழியே இல்லை. களஞ்சிய முறை இந்த இரண்டு கேள்விகளுக்கும் கணித வழியில் பதில் சொல்கிறது.

மூன்று படிகள்

டெபியனின் 12ஆம் பதிப்பு 2023 ஜூன் 10 அன்று வந்தபோது அதில் 64,000க்கும் மேற்பட்ட பொதிகள் இருந்தன. இவற்றின் நகல்கள் உலகெங்கும் பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் நடத்தும் சர்வர்களில் இருக்கின்றன. நம் கணினி அருகில் உள்ள ஒன்றிலிருந்து எடுக்கும். அந்த சர்வரை நடத்துபவர் யார், வழியில் உள்ள இணைய நிறுவனம் எது என்பதை ஆராய்ந்துகொண்டிருக்க நம்மால் முடியாது. ஆராய வேண்டிய தேவையும் இல்லாதபடி முறையை அமைத்திருக்கிறார்கள். போடிமெட்டிலிருந்து இறங்கும் ஏலக்காய் மூட்டையின் வாயைத் தைத்து சீல் வைத்துவிட்டால், அது யாருடைய ஜீப்பில் வந்தது என்ற கவலை வாங்குபவருக்கு இல்லை. சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். களஞ்சியத்தில் அந்த சீல் டிஜிட்டல் கையொப்பம்.

முதல் படி, ரிலீஸ் என்ற சிறிய கோப்பு. களஞ்சியத்தை நடத்துபவர்கள் தங்கள் தனிச் சாவியால் இதில் கையொப்பமிடுகிறார்கள். தனிச் சாவிக்கு இணையான பொதுச் சாவி நம் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது. பொதுச் சாவியைக் கொண்டு கையொப்பத்தைச் சரிபார்க்கலாம். புதிதாக ஒன்றைப் போட முடியாது. இரண்டாவது படி, பொதிகளின் பட்டியல். இந்தப் பட்டியலின் ஷா-256 எண் ரிலீஸ் கோப்பில் எழுதப்பட்டிருக்கும். மூன்றாவது படி, பொதி. ஒவ்வொரு பொதிக்கும் உரிய ஷா-256 எண் பட்டியலில் இருக்கும்.

ஷா-256 என்பது ஒரு கணக்கீடு. எவ்வளவு பெரிய கோப்பைக் கொடுத்தாலும் 64 குறிகள் கொண்ட ஓர் எண்ணைத் தரும். கோப்பில் ஓர் எழுத்தை மாற்றினாலும் வரும் எண் முற்றிலும் வேறாக இருக்கும். ஒரே எண்ணைத் தரும் இரண்டு வெவ்வேறு கோப்புகளை இதுவரை யாரும் உருவாக்கிக் காட்டியதில்லை. அதனால் ஒரு சிறிய கோப்பில் இட்ட ஒரே கையொப்பம், 64,000 பொதிகளில் உள்ள ஒவ்வோர் எழுத்துக்கும் பொறுப்பேற்கிறது. இந்த அமைப்பின் அழகு இதில்தான் இருக்கிறது.

கறுப்புத் திரையில் ஆப்ட் அப்டேட் என்று கட்டளையிடும்போது முதல் இரண்டு படிகள் நடக்கின்றன. ஆப்ட் இன்ஸ்டால் என்று எழுதிப் பொதியின் பெயரையும் சேர்த்தால் மூன்றாவது நடக்கிறது. எண் பொருந்தாவிட்டால், பொதிகளை நிறுவித்தரும் ஆப்ட் என்ற கருவி அந்தப் பொதியை நிறுவாமல் நின்றுவிடும். பாதுகாப்புத் திருத்தங்களுக்கான களஞ்சியத்தில் ரிலீஸ் கோப்புக்குக் காலாவதித் தேதியும் உண்டு. ஓட்டை உள்ள பழைய பொதிகளின் பட்டியலை, அதன் பழைய உண்மையான கையொப்பத்தோடு அனுப்பி ஏமாற்றும் தந்திரத்தை அது தடுக்கிறது. இந்தச் சரிபார்ப்பு முறை 2007 ஏப்ரலில் வந்த டெபியன் 4.0 பதிப்பிலிருந்து எல்லோருக்கும் கிடைக்கிறது.

ஜி.என்.யூ.பி.ஜியும் கீபாஸ்எக்ஸ்சியும் டெபியனின் சொந்தக் களஞ்சியத்திலேயே இருக்கின்றன. அவற்றுக்கு மேலே சொன்ன இரண்டு கட்டளைகளுக்குமேல் எதுவும் தேவையில்லை. டார் உலாவிக்கு டார்பிரவுசர்-லாஞ்சர் என்ற பொதி, டெபியனின் கான்ட்ரிப் என்ற பிரிவில் உண்டு. அது உலாவியை டார் திட்டத்தின் தளத்திலிருந்து இறக்கி, கையொப்பத்தைத் தானே சரிபார்த்துக் கொடுக்கும்.

வெளியார் களஞ்சியம்

சிக்கல் தொடங்குவது அடுத்த கட்டத்தில். சிக்னலின் மேசைக் கணினிச் செயலி டெபியன் களஞ்சியத்திலிருந்து வருவதில்லை. சிக்னல் நிறுவனமே தனிக் களஞ்சியம் நடத்துகிறது. டார் திட்டமும் டார் சேவையின் புதிய பதிப்புகளுக்காக ஒன்றை நடத்துகிறது. இவற்றைப் பயன்படுத்த, அவர்களுடைய பொதுச் சாவியை இறக்கி நம் கணினியில் சேர்க்க வேண்டும்.

சாவியைச் சேர்க்கும் அந்த ஒரு நிமிடம்தான் மொத்த வேலையிலும் முக்கியமானது. பொதியை நிறுவும்போது அதற்குள் இருக்கும் நிறுவல் நிரல்கள் ரூட் அதிகாரத்தோடு ஓடும். கணினியில் எந்தக் கோப்பையும் படிக்க, மாற்ற, அழிக்க அந்த அதிகாரம் போதும். அடுத்தடுத்து வரும் மேம்படுத்தல்களும் அப்படியே. அதாவது ஒரு களஞ்சியத்தின் சாவியைச் சேர்ப்பவர், அதை நடத்துபவரிடம் தன் கணினி முழுவதையும், வரப்போகும் காலத்துக்கும் சேர்த்து ஒப்படைக்கிறார்.

ஆகவே சாவி அசலா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு சாவிக்கும் 40 குறிகள் கொண்ட கைரேகை உண்டு. டார் திட்டம் தன் களஞ்சியச் சாவியின் கைரேகையைத் தன் தளத்தில் வெளியிட்டிருக்கிறது. இறக்கிய சாவியின் கைரேகையோடு அதை முழுமையாக ஒப்பிட வேண்டும். கடைசி 8 குறிகளை மட்டும் பார்த்துத் திருப்தியடைவது ஆபத்து. அந்த 8 குறிகள் ஒத்துப்போகும் போலிச் சாவியை ஒரு கிராபிக்ஸ் கார்டைக் கொண்டு 4 வினாடிகளில் தயாரிக்கலாம் என்று 2014இலேயே இரண்டு ஆய்வாளர்கள் செய்துகாட்டினார்கள். 40 குறிகளையும் பொருத்துவது இன்றைய எந்தக் கணினிக்கும் எட்டாத வேலை. வேறொரு இடத்தில், வேறொரு இணைய இணைப்பில் திறந்து பார்த்த கைரேகையோடு ஒப்பிட்டால் உறுதி இன்னும் கூடும்.

சாவியை எங்கே வைப்பது என்பதும் பெரிய விஷயம். ஆப்ட்-கீ என்ற பழைய கட்டளை, சேர்த்த சாவியை எல்லாக் களஞ்சியங்களுக்கும் செல்லுபடியாக்கிவிடும். சிக்னலுக்கென்று சேர்த்த சாவியால் டெபியனின் பெயரில் வரும் பொதிக்கும் கையொப்பமிடலாம் என்ற நிலை. இதனால் அந்தக் கட்டளையைக் கைவிட்டுவிட்டார்கள். இப்போது ஒவ்வொரு களஞ்சியத்தின் வரியிலும் சைன்டு-பை என்று குறித்து, இந்தக் களஞ்சியத்துக்கு இந்தச் சாவி மட்டும் என்று கட்டுப்படுத்தலாம். பழைய குறிப்புகளைப் பார்த்து ஆப்ட்-கீ பயன்படுத்துபவர்கள் அதை நிறுத்திவிட வேண்டும்.

தவறிய இடங்கள்

இந்த முறை தவறியதே இல்லையா? தவறியிருக்கிறது. அந்த வரலாற்றைத் தெரிந்துகொள்வது முறையைப் புரிந்துகொள்ள உதவும்.

2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் திட்டத்தின் இணையதளத்துக்குள் ஊடுருவியவர்கள், இறக்கும் இணைப்பை மாற்றித் தீநிரல் கலந்த இயங்குதளக் கோப்பைக் காட்டினார்கள். இங்கே தாக்கப்பட்டது முதல் நிறுவலுக்கான கோப்பு. எல்லாச் சாவிகளும் கணினிக்குள் வருவது அந்தக் கோப்பின் வழியாகத்தான். அதனால் களஞ்சியத்தை நம்புமுன் இயங்குதளக் கோப்பின் கையொப்பத்தையே சரிபார்க்க வேண்டும். சரிபார்க்கும் எண்ணை அதே தளத்திலிருந்து மட்டும் எடுத்தால், தளத்தைக் கைப்பற்றியவர் எண்ணையும் மாற்றிவைக்க முடியும்.

2019 ஜனவரியில் ஆப்டிலேயே ஓர் ஓட்டை வெளிப்பட்டது. மறையாக்கம் இல்லாத எச்.டி.டி.பி. இணைப்பின் நடுவே உட்கார்ந்திருப்பவர், கோப்பு வேறிடத்துக்கு மாறிவிட்டது என்ற பதிலுக்குள் தந்திரமாகச் சில வரிகளைச் செருகி, சரிபார்ப்பு முடிந்துவிட்டதாக ஆப்டை நம்பவைக்க முடிந்தது. உடனே திருத்தினார்கள். கையொப்பம் இருந்தாலும் பாதையையும் மறையாக்கம் செய்வது நல்லது என்ற கருத்துக்கு அது வலுச்சேர்த்தது.

எல்லாவற்றையும்விடக் கவலை தந்தது 2024 மார்ச் 29 அன்று வெளியானது. எக்ஸ்-இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் சிறிய நிரல். ஏறக்குறைய எல்லா லினக்ஸ் கணினிகளிலும் இருக்கும். ஜியா டான் என்ற பெயரில் வந்தவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாக உதவிசெய்து, பராமரிப்பாளராகவே உயர்ந்து, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு ரகசிய வழியைப் புதைத்தார். டெபியனின் சோதனைப் பதிப்புகளுக்குள் அது நுழைந்துவிட்டது. கையொப்பங்கள் எல்லாம் சரியாகவே இருந்தன. மைக்ரோசாஃப்டில் பணிபுரியும் ஆண்ட்ரஸ் ஃப்ரோயிண்ட், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாக ஆவதைக் கவனித்து, காரணத்தைத் தோண்டி, ரகசிய வழியைக் கண்டுபிடித்தார். நிலையான பதிப்பைப் பயன்படுத்திய கோடிக்கணக்கான கணினிகள் தப்பின.

கையொப்பம் அனுப்பியவர் யாரென்று சொல்லும். அனுப்பியவரின் மனத்தைச் சொல்லாது. அந்த இடைவெளியை நிரப்புவது திறந்த மூலநிரலும், அதைப் படிக்கும் கண்களும். அதனால்தான் டெபியன் 2013இலிருந்து இன்னொரு முயற்சியையும் நடத்துகிறது. ஒரே மூலநிரலை வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு கணினிகளில் தொகுத்தாலும் பிட் பிசகாமல் ஒரே பொதி கிடைக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. பொதி கட்டும் கணினியில் யாராவது கைவைத்தால், மற்றவர்களின் பொதியோடு ஒப்பிட்ட உடனே அது தெரிந்துவிடும்.

இறக்குவதே சொல்லிவிடும் செய்தி

கையொப்பம் கலப்படத்தைத் தடுக்கும். நாம் எதை இறக்குகிறோம் என்பதை மறைக்காது. எச்.டி.டி.பி. வழியில் பொதியின் பெயர் வெளிப்படையாகவே போகும். எச்.டி.டி.பி.எஸ். பெயரை மறைத்தாலும், எந்த சர்வரோடு பேசினோம், எவ்வளவு பெரிய கோப்பு வந்தது என்பது இணைய நிறுவனத்துக்குத் தெரியும். டெபியன் இதற்கும் வழி செய்திருக்கிறது. ஆப்ட்-டிரான்ஸ்போர்ட்-டார் என்ற பொதியை நிறுவி, களஞ்சிய முகவரிகளையும் டார் வழிக்கு மாற்றிவிட்டால், இனி இறக்குவது அனைத்தும் டார் வழியாகவே வரும். 2016இலிருந்து டெபியன் களஞ்சியத்துக்கே டாருக்குள் ஆனியன் முகவரி இருக்கிறது. ஊர் அறியாமல் உதவி தேட வேண்டியவர்களுக்கு இது பெரிய துணை.

சாவிக்குப் பின்னால் மனிதர்கள்

கணிதம் எவ்வளவு தூரம் கூட்டிச்சென்றாலும் கடைசியில் ஒரு மனிதரை நம்பித்தான் ஆக வேண்டும். டெபியன் அந்த நம்பிக்கையை நேருக்கு நேர் சந்திப்பில் வைத்தது. புதிதாகச் சேர விரும்புபவரை ஏற்கெனவே இருக்கும் உறுப்பினர் சந்தித்து, அடையாள ஆவணத்தைப் பார்த்து, சாவியின் கைரேகையை ஒப்பிட்டு, அந்தச் சாவியில் தன் கையொப்பத்தை இடுவது அங்கே நெடுநாள் வழக்கம். ஆண்டுதோறும் நடக்கும் டெப்கான்ஃப் மாநாடு இதற்கான முக்கிய இடம். 2023 செப்டம்பர் 10 முதல் 17 வரை அது கொச்சியில் நடந்தது. கம்பத்திலிருந்து லோயர் கேம்ப் மலைப்பாதை ஏறி, குமுளியைத் தாண்டி இறங்கினால் போய்ச்சேரும் ஊர். உலகத்தின் எங்கோ ஒரு மூலையில் நடப்பதாக இதை இனி நினைக்கத் தேவையில்லை.

2011இல் வந்த மடிக்கணினி உங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறதென்றால், அன்று அதோடு வந்த பாஸ் பதிப்பை அப்படியே வைத்துக்கொள்ளாதீர்கள். பழைய பதிப்புகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை; அவற்றின் சாவிகளும் காலாவதியாகும். அந்தக் கணினி ஏற்கும் புதிய பதிப்பை இறக்கி, கையொப்பத்தைச் சரிபார்த்து நிறுவுங்கள். பொதி டெபியனிலேயே இருந்தால் அங்கிருந்தே எடுங்கள். வெளியார் களஞ்சியம் தேவைப்பட்டால் ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொண்டு, கைரேகையின் 40 குறிகளையும் ஒப்பிட்டு, சாவியை அந்தக் களஞ்சியத்துக்கு மட்டும் ஒதுக்குங்கள். வாரம் ஒருமுறையாவது மேம்படுத்துங்கள். வழிதெரியாமல் நின்றால், 2012இலிருந்து கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே விளக்கிவரும் கணியம் மின்னிதழைப் படியுங்கள். கற்றுக்கொண்ட பிறகு பக்கத்து வீட்டுக்கும், ஊரில் உள்ள ஜெராக்ஸ் கடைக்கும் சொல்லிக்கொடுங்கள். ஊர்க்காரர்கள் அனைவரின் ஆதார் நகலும் அந்தக் கடையின் கணினியில்தான் இருக்கிறது.